ஒரு சொட்டு போதும்

பொங்கல் லீவு முடிந்து வந்த காலையில் ஆய்வகத்து ஃபிரிட்ஜைத் திறந்த விஞ்ஞானி ஜோதிலட்சுமி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விஷக்குப்பியைக் காணவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள அந்த மருந்து கம்பெனியில் அவளுக்கு நரம்பு விஷத்தில்தான் ஆராய்ச்சி. உத்தரவுகளை நரம்பு சின்னஞ்சிறு பைகளில் அடைத்து வைத்திருக்கும், பை திறந்து கொட்டினால்தான் தசை அசையும், இந்த விஷம் பையைத் திறக்கவே விடாது என்று போன மாதம்தான் ஊழியர்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்திருந்தாள். "ஒரு சொட்டு போதும். அப்புறம் தசை யார் பேச்சையும் கேட்காது" என்று அவள் முடித்தபோது, வழக்கமாகத் தூங்குகிறவர்கள்கூட விழித்திருந்தார்கள்.

செக்யூரிட்டி ஆபீசர் சாம்சன் தடதடவென்று வந்து சேர்ந்தார். 'மூணு கோடு' என்றால் கம்பெனியில் அவர்தான். கோபத்தில் நெற்றியில் ஒரு கோடு விழுந்தால் திட்டு, இரண்டென்றால் மெமோ, மூன்றென்றால் கேட்டுக்கு வெளியே. ஷிப்டுக்கு வருகிறவர்கள் அவர் நெற்றியைப் பார்த்துவிட்டுத்தான் குட்மார்னிங் சொல்வார்கள்.

அடுத்த மாதம் திருநின்றவூரில் தன் இரண்டாம் கல்யாணத்தை வைத்துக்கொண்டு இந்தத் தலைவலி வேறா என்று நொந்துகொண்டே, மனிதர் மளமளவென்று துப்புத் துலக்கினார். லீவில் செக்யூரிட்டி ரூமுக்கு வந்து சாவி வாங்கி உள்ளே போனது, எலிகளுக்குத் தீனி வைக்கிற தேசப்பன் மட்டும்தான். அது போதாதென்று, புதுவாயல் டீக்கடையில் மச்சான் குணாவோடு மல்லுக்கு நின்ற தேசப்பன், "உனுக்கு ஒரு சொட்டு வெச்சாத்தான் அடங்குவே" என்று கத்தியதற்குக் கடையே சாட்சி. நேற்றிலிருந்து அந்தக் குணா வாய் குழறி, எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறானாம்.

குணா செத்தால் தேசப்பன் ஜெயிலுக்கு, ஆராய்ச்சி குப்பைத்தொட்டிக்கு. எலிகளைப் பேர் வைத்துக் கூப்பிடுகிற மனிதரா இப்படிச் செய்தார் என்று நினைக்கவே ஜோதிலட்சுமிக்கு அழுகையாக வந்தது.

தேசப்பனைக் கூப்பிட்டு நிறுத்தி, சாம்சன் மேஜையை ஓங்கிக் குத்தினார். கண்ணாடிக் குடுவைகள் கிணுகிணுத்தன.

"அவன் சரக்கு போட்டா அப்டித்தான் சார் கெடப்பான். ஊட்டுக்கு வேணா போன் போட்டுக் கேளுங்க" என்றார் தேசப்பன்.

ஜோதிலட்சுமி அவர் சொன்ன நம்பரை அழுத்தினாள். போனை எடுத்ததே குணாதான். நாஷ்டா துன்ற நேரத்தில் எவன் பேஜாரு பண்றது என்று கணீரென்று கேட்டான். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சாம்சன் அசைந்துகொடுக்கவில்லை. "மச்சானுக்கு வைக்கலைன்னா வெளியே வித்திருப்பான். போலீஸ் கேக்குற மாதிரி கேட்டா தானா வரும்" என்று இரைந்தபடி தன் செல்போனை எடுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. பல்லை நறநறவென்று கடித்தார்.

தேசப்பனோ எலிக்கூண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜோதிலட்சுமிக்கு எரிச்சலே வந்துவிட்டது. "பயமா இல்லையாண்ணா?" என்று மெல்லக் கேட்டாள்.

"இன்னாத்துக்கு மேடம்? சாரு சும்மா மெரட்டிக்கினு கீறாரு. இவ்ளோ கத்துறாரே, நெத்தியில ஒரு கோடாவது வுழுந்துச்சா பாருங்க. மனசுல கோவமே இல்ல."

ஜோதிலட்சுமி பார்த்தாள். ஆய்வக சாவி ராத்திரி பகலாக யார் ரூமில் தொங்குகிறது என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எழுந்து போய் சாம்சனின் எதிரில் நின்றாள்.

"போனை வைங்க சார். எங்களுக்காக ஒரே ஒரு தடவை நெத்தியைச் சுருக்கிக் காட்டுங்க."

சாம்சன் மூச்சைப் பிடித்து, முகம் சிவக்கச் சிவக்க முயன்று பார்த்தார். புது மாப்பிள்ளையின் நெற்றி மட்டும் இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி மழமழவென்று அப்படியே இருந்தது.