அடையாள அட்டையில் உள்ள கன்னம்

போர்க்காலம். காலை ஏழு மணி. வெள்ளவத்தை, காலி வீதிச் சோதனைச் சாவடியில் சிப்பாய் சரித்துப் போட்ட புதுச் சைக்கிளின் பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மிதிக்காமல் சுற்றும்போது அதற்குள் இருக்கும் சிறிய இரும்பு நாக்குகள் ஒவ்வொரு பல்லாகத் தட்டிச் செல்லும்; டிக் டிக் என்று கேட்பது அதுதான். சிப்பாய்க்கு அது தெரியாது; குண்டோ என்று சந்தேகம். சக்கரத்தையும் அடையாள அட்டையையும் சைக்கிளில் வந்த நாகேந்திரத்தின் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறான். படத்தில் இருப்பவர் தொண்ணூற்றெட்டுக் கிலோ. எட்டு மாதம் பழைய சைக்கிளை மிதித்து அவர் இருபத்தாறு கிலோ குறைத்ததற்கு மனைவி பத்மாவதி நேற்று வாங்கித் தந்த பரிசு இந்தப் புதுச் சைக்கிள். படத்தை மாற்ற வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. "இது நீ இல்லை," என்கிறான் சிப்பாய் சிங்களத்தில். "நான்தான் மாத்தயா," என்கிறார் நாகேந்திரம் மரியாதையோடு. " சைக்கிள் ஓடி மெலிஞ்சனான்." "ஏன், ஓடித் தப்புறதுக்கா? கன்னத்தை ஊது, பாப்பம்." நாகேந்திரம் ஊதுகிறார். பக்கத்தில் நிற்கும் இன்னொரு சிப்பாய் சிரிக்கிறான். முதல் சிப்பாய் சிரிக்காமல் அட்டையோடு ஓரமாக நிற்கும் இராணுவ ஜீப்பை நோக்கி நடக்கிறான். வரிசையில் பின்னால் நின்றவர்கள் இரண்டடி விலகுகிறார்கள். டிக் சத்தம் இடைவெளி கூடிக் கூடி நின்றுபோகிறது. மூச்சை விடலாம் என்று யாரும் சொல்லவில்லை. நாகேந்திரம் கன்னத்தை ஊதியபடியே நிற்கிறார்.