சோயாவுக்குள் நின்றவர்

இதை நான் கண்ணால் காணவில்லை. ஊர்காவற்றுறைக்குப் போகும் பஸ்சில் நிலாந்தி அக்கா சொன்னது.

ரஜீபன் குத்தகைக் காணியில் சோயா போட்டிருந்தான். பயிரைவிடப் புல் உயரமாக நின்றது. மருந்து அடித்துவிட்டு, அங்கே மாட்டுக்குப் புல் வெட்டும் பெண்களிடம் சொன்னான்:

“அக்கா, கொஞ்ச நாளைக்கு இதில புல்லு வெட்டாதேங்கோ. மருந்து அடிச்சிருக்கு.”

“மருந்தடிச்சா சோயாவும் சாகோணுமே?”

“இது புல்லை மட்டும்தான் கொல்லும்.”

“ஓ, மருந்துக்குக் கண் இருக்காக்கும்!” நிலாந்தி அக்கா சிரித்தார். “புல்லும் பச்சையாத்தானே நிக்குது. தர மனமில்லை எண்டு சொல்லுமன்.”

“கருகிறதுக்கு நாள் செல்லும் அக்கா.”

யாரும் நம்பவில்லை. நிலாந்தி அக்காவிடம் இருப்பது ஒரே ஒரு கறவை மாடு. வீடு ஓடுவதே அந்தப் பாலில்தான்.

அடுத்த நாள் விடிய, கத்தியும் சாக்குமாகப் போனவர்கள் வேலியோடு நின்றுவிட்டார்கள்.

சோயாவுக்குள் செபமாலை நின்றார்.

போன வருடம் கடலுக்குப் போய், உடல்கூடக் கிடைக்காத மனிதர். பூசைக்குப் போடும் அதே நீலக்கோடிட்ட சேட்டு. சேட்டுக்கு மேலே தலை இல்லை.

தடியில் கட்டிய வெருளிப் பொம்மை என்று தெரிந்த பிறகும் ஒருவரும் உள்ளே கால் வைக்கவில்லை.

மறுநாள் அது பத்தடி கிட்ட வந்திருந்தது. மூன்றாம் நாள் வேலியைக் கடக்கும் கடப்படியில் நின்றது. காற்று விழுந்திருந்தது. ஒரு கை மட்டும் ஆடியது.

நிலாந்தி அக்கா ரஜீபனின் வீட்டுக்கே போய்விட்டார்.

“செத்த மனிசன்ர சேட்டைக் களவெடுத்து எங்களை வெருட்டுறீரோ? அவற்ற மனிசி கிறேசம்மா கண்டா என்ன பாடுபடும்?”

“சத்தியமா நான் நடேல்லை அக்கா. எனக்கே அந்தப் பக்கம் போகப் பயமாக் கிடக்கு.”

பத்தாம் நாள் புல் முழுக்க வைக்கோல் நிறமானது. சோயாவில் ஓர் இலைகூட வாடவில்லை. வெருளியைக் காணவில்லை.

“செபமாலை அண்ணைதான் எங்கட மாடுகளைக் காப்பாத்தினவர்,” என்று முடித்தார் நிலாந்தி அக்கா.

எனக்கு மனம் ஆறவில்லை. இதை எழுத முன் கிறேசம்மாவைத் தேடிப் போனேன்.

“நான்தான் நட்டனான் தம்பி, இரவில கிட்டக் கிட்ட நகர்த்தினதும் நான்தான்,” என்றார். “ரஜீபன்ர மருந்துப் போத்தலை வாங்கி வாசிச்சுப்போட்டு அண்டைக்கே புல்லு வெட்டுறவையளுக்குச் சொன்னனான். ஆர் கேட்டது? அவர் வந்து நிண்டாப் பயப்படுவினம் எண்டு நினைச்சன். அலுமாரியில அவற்ற சேட்டு அது ஒண்டுதான் இருந்தது.”

லேபிளை நானும் வாசித்தேன். மருந்து தெளித்த புல்லை மாட்டுக்குப் போட வேண்டாம் என்றுதான் இருந்தது.

அவரின் வீட்டு வளவையும் சுற்றிப் பார்த்தேன். கிறேசம்மாவுக்கு மாடு இல்லை.