தூரதேசத்து ரசிகர்

"யாரோட போனை கட் பண்ணணும் சார்?" என்றார் இன்டர்நெட் கம்பெனிக்காரர்.

"எங்க மாமனார் போனை," என்றான் மருமகன், ஹாலில் இருந்தவர் காதில் விழாதபடி.

பழைய லேப்டாப் ஒன்றை ஷூ அலமாரி மேல் வைத்து, சொந்த வெப்சைட்டை வீட்டிலிருந்தே நடத்துகிறான் அவன். தினமும் அதில் ஒரு கதை எழுதுவான். தெரிந்தவர்களிடம் சொல்லக் கூச்சம். அதனால் ஈ, காக்காய்கூட எட்டிப் பார்க்காது. ஒரே ஒருவர் மட்டும் விடாமல் பாராட்டி எழுதுவார். 'தூரதேசத்து ரசிகர்' என்று பெயர் போட்டுக்கொள்வார். அந்த ஒரு ஆள் கிடைத்ததிலேயே இவனுக்குத் தலைகால் புரியவில்லை.

மாமனாருக்கோ அந்த லேப்டாப்பைக் கண்டாலே ஆகாது. "செருப்பு வைக்கிற இடத்துல இலக்கியமா மாப்பிள்ளை?" என்பார். சொல்லிவிட்டுப் போனில் தலையைக் கவிழ்த்தால், சாப்பிடத்தான் நிமிர்வார்.

"எந்நேரமும் வீடியோ பாத்து லைனை அவரே உறிஞ்சிடறாரு. பக்கம் திறக்க லேட்டாகுதுன்னு நேத்து என் ரசிகர் எழுதியிருக்காரு. அவரும் போயிட்டா நான் யாருக்கு எழுதறது?"

கம்பெனிக்காரரிடம் புலம்பினான் மருமகன்.

கம்பெனிக்காரர் மாமனார் போனைத் துண்டித்தார். இந்த மருமகன் அப்படி என்னதான் எழுதுகிறான் என்று தன் போனில் அந்த வெப்சைட்டைத் தட்டிப் பார்த்தார். திறக்கவில்லை.

"எங்க வைஃபையில போட்டுப் பாருங்க. எனக்கு எப்பவும் ஜம்முன்னு திறக்கும்."

போட்டார். திறந்தது. அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சார், வெளியாளுங்க உள்ள வர்றதுக்கு உங்க லைன்ல வழியே விடலை. இது இந்த வீட்டு வைஃபையில மட்டும்தான் தெரியும். வாசப்படி தாண்டினா ஒருத்தருக்கும் திறக்காது."

"அப்ப... தூரதேசம்?"

ஹாலிலிருந்து குரல் வந்தது.

"மாப்பிள்ளை, நெட் போயிடுச்சே. இப்பத்தான் பாதி பாராட்டியிருந்தேன்..."

பேச்சு சட்டென்று நின்றது. பிறகு ஒரு பொய் இருமல்.

மருமகனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"வெளி வழியை நான் உடனே திறந்து விட்டுடட்டுமா சார்?"

"அது மெதுவா ஆகட்டும். முதல்ல மாமா போனுக்கு லைனைக் குடுங்க, நல்ல ஸ்பீடா. என் வாசகர் காத்திட்டிருக்காரு."