தீர்த்தகிரியின் சட்டை

மழை மூன்றாவது வருடமும் பொய்த்தது. தீர்த்தகிரி பட்டணத்துக்குப் பிழைக்கப் போய்விட்டார். அவருடைய கம்பங்கொல்லையில், அவருடைய பழைய சட்டையை மாட்டிக்கொண்டு பொம்மை மட்டும் நின்றது. காவல் காக்க அங்கே கதிரே இல்லை. ஆனாலும், 'நின்றது போதும்' என்று யாரும் அதனிடம் சொல்லவில்லை.

இரை தேடிப் பட்டணம் போயிருந்த மைனா ஒரு நாள் திரும்பி வந்து பொம்மையின் கையில் உட்கார்ந்தது.

"அவரப் பாத்தியா?" என்று பொம்மை கேட்டது.

"பாத்தேன். ஒரு பெரிய கட்டடத்து வாசல்ல நிக்கிறாரு. நீலச் சட்டை. வேற யாருக்கோ தைச்சது போல, தோள்ல நிக்கவே இல்ல."

"உக்கார மாட்டாரா?"

"உக்காரக் கூடாதாம்."

"தனியாவா நிக்கிறாரு?"

"எதிர் வாசல்ல ஒரு நேபாளத்துக்காரர் நிக்கிறாரு. அவரும் மலையில சோளக்கொல்லையையும் ஒரு பொம்மையையும் விட்டுட்டு வந்தவர்தான்."



"உன்னப் பாத்ததும் கல்லெடுத்தாரா?"

"இல்ல. சோத்துப் பொட்டலத்தப் பிரிச்சு எனக்கு ஒரு பிடி வெச்சாரு. நான் தின்னு முடிக்கிறவரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தாரு."

"அங்க எதக் காவல் காக்கிறாரு?"

"தெரியல. உள்ள பூந்து பாத்தேன். ஒரு மணி தானியம்கூட இல்ல."

பொம்மை வெடித்த நிலத்தைப் பார்த்தது. பிறகு சொன்னது: "அடுத்த தடவ போனா அவர்கிட்ட சொல்லு. அவரு சட்டைய நான் பத்திரமா வெச்சிருக்கேன்னு."

மைனா தன் காலடியைப் பார்த்தது. சட்டையின் கை எப்போதோ இற்றுப்போய், வெறும் குச்சிதான் இருந்தது.

"சொல்றேன்" என்றது.