டிரைவர் சீட்

"ஏறித் தொலைடா கியாலோ! உன் முதுகுக்குப் பின்னாடியே நிக்குது!"

ஜீப்புக்குள்ளிருந்து பின் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினான் சமையல்காரன் கட்டானா. காலை டீக்கு வைத்த தண்ணீர் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால், செம்மண்ணில் புரண்டு செங்கல் நிறத்தில் இருந்த ஒற்றை ஆண் யானை, கடைசிக் கூடாரத்தைத் தும்பிக்கையால் பிடுங்கி உதறியது. கூடாரத்துக்குள்ளிருந்து மாம்பழங்கள் உருண்டன.

"எவ மாம்பழத்தை உள்ளே வெச்சது? இந்தச் சாவோ காட்டு யானை பழ வாசனைக்கு மோப்பம் பிடிச்சுட்டு வரும்னு, வந்த அன்னிக்கே கியாலோ தலைபாடா அடிச்சுக்கிட்டானே!" கட்டானா உள்ளே திரும்பிச் சீறினான்.

"நான்தான்பா," சுஹுரா அழுதாள். "மொம்பாசா சந்தையில பழம் வித்துப் பழகின உடம்பு. கூடையைப் பக்கத்துல வெச்சுக்காட்டி எனக்குத் தூக்கம் வராது."

சந்தையில் கடை போட்டிருக்கும் ஆறு பெண்கள் சேர்ந்து வந்த காட்டுச் சுற்றுலா அது. இப்போது ஜீப்பின் பின்பக்கத்தில் ஐந்து பேரும் கட்டானாவும் ஒருவர் மடியில் ஒருவராக நசுங்கிக் கிடந்தார்கள். கடைசியாக ஓடிவந்த சியோம்புவா முன் சீட்டில் ஏறியிருந்தாள். பக்கத்தில் டிரைவர் சீட் மட்டும் காலி. கதவு திறந்தே இருந்தது.

சாவியோடு வெளியே நின்ற டிரைவர் கியாலோ, முன் சீட்டை ஒரு தடவை பார்த்தான். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான்.

"கட்டானா, நீ முன்னாடி மாறு! நான் பின்னாடி ஏறிக்கிறேன்!"

"டேய், இடம் மாத்தி விளையாடற நேரமா இது? எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுடா!"

அதற்குள் யானை இரண்டே எட்டில் ஜீப்பின் பின்னால் வந்துவிட்டது. இனி பின் கதவு வழியாக ஏற முடியாது. ஆனால் டிரைவர் கதவு கியாலோவுக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அவன் ஏறவில்லை. திரும்பி, முகாம் ஓரத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியை நோக்கி ஓடினான். யானையும் திரும்பியது.

கட்டானா கியாலோவோடு எத்தனையோ காடு சுற்றியிருக்கிறான். இப்படி ஒரு கிறுக்குத்தனத்தைப் பார்த்ததில்லை. இந்த சியோம்புவாவிடம் அவனுக்கு என்னதான் பகையோ! அவள் சாப்பாட்டுத் தட்டைக்கூட அவன் தொடுவதில்லை. "கட்டானா, அவங்களுக்கு நீ கொடு" என்று நழுவிவிடுவான். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. வரும் வழியிலும் வசதியான சீட்டையெல்லாம் விட்டுவிட்டு, கடைசியில் கூடார மூட்டைகளுக்குப் பின்னால்தான் உட்கார்ந்து வந்தாள்.

திடீரென்று சியோம்புவா தன் பக்கக் கதவைத் திறந்தாள். கட்டானா எட்டி அவள் தோளைப் பிடித்தான்.

"அக்கா! எங்கே போறீங்க?"

"விடு தம்பி! நான் இறங்கிடறேன். அவன் ஏறட்டும்!"

"உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? அவன் சீட்டு காலியாத்தானே இருக்கு!"

"உனக்குப் புரியாது, விடு!"

மற்ற பெண்களும் சேர்ந்து அவளை இழுத்துப் பிடித்தார்கள். அவள் தலைத்துணியை முகம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு விம்மினாள்.

யானை காதுகளை விரித்தது. புழுதி பறக்கத் தொட்டியை நோக்கிப் பாய்ந்தது. யாரோ வீறிட்டார்கள். கட்டானா கண்ணை மூடிக்கொண்டான்.

சத்தமே இல்லை.

கண்ணைத் திறந்தபோது, யானை தொட்டிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றது. அந்தப் பக்கம் பதுங்கியிருந்த கியாலோவின் தொப்பியைத் தும்பிக்கை முகர்ந்து பார்த்தது. மாம்பழ வாசனை இல்லை. பெருமூச்சு விட்டுத் திரும்பி வந்து, சிதறிக் கிடந்த பழங்களை ஒவ்வொன்றாக ரசித்துத் தின்றுவிட்டு, முட்புதருக்குள் சாவகாசமாகப் போய் மறைந்தது.

ஜீப்பே ஒரே நேரத்தில் மூச்சு விட்டது. பெண்கள் இறங்கி ஓடினார்கள். சுஹுரா கியாலோவின் கன்னத்தைப் பிடித்து ஆட்டினாள்.

"சிங்கம்டா நீ! எங்களைக் காப்பாத்தணும்னு யானையை உன் பக்கம் இழுத்துட்டுப் போனியே!"

கியாலோ அசடு வழிந்தான்.

"ஏய் சியோம்புவா! புள்ளைக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லேன்டி, கல் நெஞ்சுக்காரி!" சுஹுரா ஜீப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

சியோம்புவா இறங்கவே இல்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்தபடி, கட்டானாவை மட்டும் கூப்பிட்டாள். "அவன் கை காலெல்லாம் நடுங்கும். சர்க்கரை தூக்கலாப் போட்டு டீ கொடு. நான் சொன்னேன்னு சொல்லாதே."

கட்டானா டீயோடு தொட்டிக்குப் பின்னால் போனான். கியாலோ இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தான். பாதி டீ உள்ளே போகும்வரை கட்டானா பொறுத்துக்கொண்டான்.

"உண்மையைச் சொல்லுடா. என்ன பகை உங்களுக்குள்ள? கொஞ்ச நேரம் அவங்க பக்கத்துல உட்கார்ந்திருந்தா செத்தா போயிருப்பே?"

கியாலோ சுவருக்கு மேலே எட்டி, அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டான்.

"பகையா? போன மாசம்தான் பரிசமா மூணு ஆடு ஓட்டிட்டுப் போய், அவங்க பொண்ணை எனக்குப் பேசி முடிச்சிருக்கு. எங்க கம்பா ஜனத்துல மாமியாரும் மருமகனும் வழியில எதிர்ப்பட்டாலே, முகத்தை மூடிக்கிட்டு ஆளுக்கொரு புதர்ல ஒளிஞ்சுக்கணும். யானைகிட்டேயிருந்து ஒளிய ஒரு தொட்டியாவது இருந்தது. அந்த முன் சீட்டுல மாமியார்கிட்டேயிருந்து நான் எங்கேடா போய் ஒளியறது?"