இங்கே அழுத்தவும்

கடையைத் திறந்து விளக்கைப் போடுவதற்குள் அந்தப் பெரியவர் உள்ளே வந்துவிட்டார். விலை கேட்கவில்லை, துணியைத் தடவிப் பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, நடுவில் கிடந்த மெத்தையில் குப்புறப் படுத்துக்கொண்டார்.

மெத்தைக்கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு விரலால் குத்திப் பார்த்துவிட்டு, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று நழுவுகிறவர்களைத்தான் பாவம் அவர் இதுவரை பார்த்திருக்கிறார். இப்படி உடம்பையே ஒப்படைத்துச் சோதிக்கிற மனிதரைப் பார்த்ததில்லை.

"எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?" என்று தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"உங்களுக்குத் திருப்தி ஆகுற வரைக்கும் ஐயா. அவசரமே இல்ல."

அடுத்து ஒரு லாரி டிரைவர் வந்தார். தன் முறை வந்தால் எழுப்பச் சொல்லிவிட்டு ஓரத்து மெத்தையில் குறட்டை விட ஆரம்பித்தார். பின்னாலேயே, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தபடி ஒரு டீச்சரம்மா. மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே கடையில் காலி மெத்தை இல்லை. யாரைக் கேட்டாலும், நெட்டில் பார்த்துவிட்டுத்தான் வருகிறோம் என்றார்கள்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மனிதர் தவம் கிடந்தார். பக்கத்துத் தெருவில் அவருடைய சகலையும் மெத்தைக்கடைதான் வைத்திருக்கிறார். நெட்டில் மெத்தை என்று யார் தேடினாலும் சகலையின் கடைதான் முதலில் வந்து பல்லைக் காட்டும். இவர் கடை எங்கோ பாதாளத்தில் கிடக்கும்.

ஒருநாள் விருந்தில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் நடுவிலும் சகலை சீண்டினார். இந்த மாசத்துக்குள் கடையில் கூட்டம் சேராவிட்டால், அதை மூடிவிட்டு வந்து தன் கடையில் மெத்தை தூக்கும்படி சொன்னார். இவரும் ரோஷம் தாங்காமல், "சேர்ந்துட்டா நீங்க வந்து என் கடையில தூக்கணும்ணே" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். இன்று மாசக் கடைசி.

கடையின் வெப்சைட்டைக் கவனித்துக்கொள்வது அவர் மனைவி. குறையைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒரு லிங்க் கிடையாது. கதவே வைக்காமல் அறை அறையாய்க் கட்டிப் போட்ட வீடு மாதிரி இருக்கிறது, நெட்டில் தேடித் தருகிற எந்திரம் எந்த வழியாக நுழையும் என்று கேட்டாள். கதவில் என்ன எழுதுகிறோமோ, அறைக்குள் இருப்பதும் அதுதான் என்று அந்த எந்திரம் நம்பிவிடுமாம்.

எல்லா அறைக்கும் கதவு வைத்தது அவள். கதவில் எழுதுகிற வேலையை மட்டும் கணவர் பிடுங்கிக்கொண்டார். 'இடுப்பு வலிக்கு ஏற்ற கெட்டி மெத்தை' என்று அவள் எழுதியிருந்ததை அழித்தார். வளவளவென்று எதற்கு, வருகிறவர் என்ன செய்ய வேண்டும் என்று மரியாதையாகச் சொன்னால் போதாதா என்றார். இடுப்பு வலியா? இங்கே அழுத்தவும். கழுத்து வலியா? இங்கே அழுத்தவும். இப்படியே எல்லாப் பக்கத்திலும்.

அவள் முனகிப் பார்த்தாள். "மெத்தைக்கடையில மெத்தைதான் இருக்கும்னு தனியா வேற சொல்லணுமாக்கும்?" என்று கணவர் அவள் வாயை அடைத்துவிட்டார்.

இப்போது கடை நிரம்பி வழிகிறது. வீட்டுக்குப் போன் போட்டு, எழுத்தென்றால் அது தன் எழுத்துதான் என்று பீற்றிக்கொண்டார்.

"அதெல்லாம் இருக்கட்டுங்க, யாராச்சும் வாங்கினாங்களா?" என்று கேட்டாள் மனைவி.

பரீட்சை நடக்கும்போதே மார்க் கேட்கக் கூடாது என்று சொல்லிப் போனை வைத்தார். அடுத்த போன் சகலைக்கு.

சகலை வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். மெத்தைக்கு ஓர் ஆள் படுத்திருக்கிறார்கள். இடம் கிடைக்காதவர்கள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுவரோரம் காத்திருக்கிறார்கள். அவருடைய கடையைத் திறந்த அன்றுகூட இப்படி ஒரு கூட்டம் இல்லை. வாய்க்கொழுப்பு இருந்தாலும் மனிதர் நாணயமானவர், சொன்ன சொல் மாறவில்லை.

"நீ கில்லாடிதான் சகலை, ஒத்துக்கறேன்," என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "சொல்லு, எந்த மெத்தையத் தூக்கணும்?"

மெத்தைக்கடைக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தட்டி, இன்று முதல் அண்ணன் நம் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்று எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்தார்.

நடு மெத்தையிலிருந்து பெரியவர் மெல்லத் தலையைத் தூக்கினார். சகலையின் பருத்த கைகளை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கையைப் பின்னால் கொண்டுபோய், இடுப்புக்குச் சற்று மேலே ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"அப்பாடா, ஆள் வந்தாச்சு. இங்கே அழுத்தச் சொல்லுங்க தம்பி."