எந்த வம்சம்?

"நல்லா பாத்துச் சொல்லுங்க டாக்டர். இதுல பெர்ஷியன் கலப்பு இருக்கா, இல்ல வெறும் தெருப்பூனையா?" ஹடப்சர் கிளினிக் மேசையில் குட்டியை வைத்துவிட்டு முகுந்த் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

டாக்டர் பார்வதிக்குச் சுருக்கென்றது. காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து அவளையும் இப்படித்தான் துருவினார்கள், அப்பா யார், எந்த வம்சம் என்று. உண்மையைச் சொன்னால் இந்த ஆள் குட்டியைத் தெருவிலேயே விட்டுவிடுவார். இருந்தும் அதை மறைக்க அவளுக்கு மனமில்லை.

"சுத்த நாட்டுப்பூனை சார். எலி பிடிக்க வந்து, பல ஆயிரம் வருஷமா மனுஷனோட குடித்தனம் பண்ற வம்சம். வேணாம்னா வெச்சிட்டுப் போங்க, நானே வளத்துக்கறேன்."

முகுந்த் குட்டியை அவசரமாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஐயோ, தரமாட்டேன். முன்னாடி வளத்த பெர்ஷியன் பூனை, பரம்பரைக் கிட்னி நோய்ல நாலு வயசுல போயிடுச்சு. பொண்ணு இன்னும் அழறா. இதுவாவது அவளோட ரொம்ப நாள் இருக்கணும்."

தடுப்பூசி அட்டையில் 'இனம்' என்ற இடத்தில், 'நாட்டுப்பூனை' என்று பார்வதி கொட்டை எழுத்தில் எழுதினாள்.